‘வீடு போய்விட்டது’ என்று சொன்னால்? வாசகர் கேள்வி–பதில்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மாகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம் வாசகர்களில் பலர். யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்த 1950-ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. இன்று வீடு தர மறுப்பவர்மேல் மாகாண அரசிடமும் நீதிமன்றத்திலும் புகார் செய்ய வழி இருக்கிறது. அந்த வழியில் எப்படிப் போவது, எங்கே சறுக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம். வீடு தேடுகிறவர்களோடு வீட்டுக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: டர்பன் நார்த்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் விளம்பரம் பார்த்து ஏஜென்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். என் முழுப் பெயரை அனுப்பியதும் ‘வீடு போய்விட்டது’ என்று பதில் வந்தது. ஐந்து நாளாகியும் விளம்பரம் அப்படியே இருக்கிறது. புகார் செய்தால் நிற்குமா?
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: நிற்கும், கையில் ஆதாரம் இருந்தால். முதலில் அதைச் சேருங்கள். கோபத்தோடு ஏஜென்டைக் கூப்பிடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சண்டை போட்ட மறுநிமிடம் விளம்பரம் காணாமல் போகும்.

விளம்பரத்தின் எண், வாடகை, தேதி மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து இன்னொன்று. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அது இருக்கும். பிறகு, வேறு இனத்துப் பெயருள்ள நண்பர் ஒருவரை அதே வீட்டுக்கு, ஏறக்குறைய அதே சம்பளத்தோடு, அதே கேள்வியைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவருக்கு ‘வந்து பாருங்கள்’ என்று பதில் வந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. நண்பர் பொய்ச் சம்பளம் சொல்லக் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அரசு மட்டுமல்ல, தனியாரும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1999-ஆம் ஆண்டின் ரென்டல் ஹவுசிங் சட்டம், 4-ஆம் பிரிவில், விளம்பரம் கொடுக்கும்போதும் பேரம் பேசும்போதும் குடியிருக்கும் காலத்திலும் இனம், நிறம், மதம், மொழி, பண்பாடு, வயது, ஊனம், கர்ப்பம், திருமண நிலை போன்றவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. உங்களைப் பார்க்க வருகிற விருந்தாளிக்கும் இது பொருந்தும்.

புகாரை எங்கே கொடுப்பது? வாடகை தொடர்பான பாகுபாடு என்பதால் வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாண அரசின் மன்றமான ரென்டல் ஹவுசிங் டிரைபியூனலுக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் மன்னிப்பும் நஷ்ட ஈடும் வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஈக்வாலிட்டி கோர்ட் மேல். உங்கள் விஷயத்தில் எங்கள் யோசனை அதுதான். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே அதற்கென்று ஒரு கிளார்க் இருப்பார். அவரிடம் 2-ஆம் எண் படிவம் கேளுங்கள். அங்கேயும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. படிவத்தை நிரப்ப உதவுவது கிளார்க்கின் கடமை. ‘எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது’ என்று சொல்லத் தயங்காதீர்கள். படிவம் கிடைத்த ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்புக்குத் தகவல் போக வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்குப் பத்து நாள்.

படிவம் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ‘என்னை அவமானப்படுத்தினார்கள்’ என்று எழுதிவிட்டு, எந்தக் காரணத்துக்காக என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ‘என் பெயரிலிருந்து என் இனமும் பண்பாடும் தெரிந்தபின் மறுத்தார்’ என்று அந்தச் சொற்களை வைத்தே எழுதுங்கள். தேதி, மணி, யார் சொன்னது, என்ன வார்த்தை என்று வரிசையாக வர வேண்டும். ஏஜென்ட், ஏஜென்சி, வீட்டுக்காரர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஏஜென்டை மட்டும் சேர்த்தால் ‘வீட்டுக்காரர் சொன்னார், செய்தேன்’ என்று கையை விரிப்பார். பாகுபாடு நடந்ததாகத் தோன்றும் அளவுக்கு நீங்கள் காட்டிவிட்டால் போதும்; அது நடக்கவில்லை அல்லது நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழும். ஐந்து நாளாக இருக்கிற விளம்பரத்தை அவர்கள்தான் விளக்க வேண்டும்.

ஒரு விஷயம் கூட. 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு ஏஜென்டுகளுக்கான பிராப்பர்ட்டி பிராக்டிஷனர்ஸ் சட்டத்தின்படி ஏஜென்டிடம், அந்தத் தொழில் நடத்த உரிமை தரும் செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நடத்தை பற்றிய புகாரை அந்தத் துறையின் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தனியாகவும் அனுப்பலாம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விடப் போகிறேன். முற்றத்தில் சாமி அறை இருக்கிறது. புரட்டாசியில் வீட்டில் மாமிசம் கிடையாது. ‘தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்’ என்று விளம்பரம் போடலாமா? என் சொந்த வீடுதானே?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: போடக் கூடாது, ஐயா. ‘இந்தியர் மட்டும்’ என்றும், ‘இந்துக்களுக்கு முன்னுரிமை’ என்றும், ‘தனிப் பெண்ணுக்கு இல்லை’ என்றும்கூடப் போடக் கூடாது. முந்தைய கேள்வியில் ஃபீனிக்ஸ் வாசகிக்குக் கைகொடுக்கும் அதே 4-ஆம் பிரிவு உங்கள் வாசலுக்கும் பொருந்தும். அவுட்பில்டிங் வீடாகாது என்று நினைக்காதீர்கள். சட்டம் ‘வீடு’ என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே அறை, அவுட்பில்டிங், கராஜ், குடிசை எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன.

நம் ஊர் விளம்பரங்களில் இந்த வரியை வாரந்தோறும் பார்க்கிறோம், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. நம் தாத்தாக்களை வெளியே நிறுத்திய வரி அது.

உங்கள் கவலை உண்மையானது. அதற்கு வழியும் உண்டு. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட்டு, வீட்டு விதியை எழுதி வையுங்கள். சாமி அறைப் பக்கம் செருப்போடு வரக் கூடாது, பொது அடுப்பில் புரட்டாசி மாதம் மாமிசம் சமைக்கக் கூடாது, இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது என்று யார் வந்தாலும் பொருந்தும்படி இருக்கட்டும். அவுட்பில்டிங்குக்குத் தனிச் சமையலறை இருந்தால் அதற்குள் என்ன சமைக்கிறார்கள் என்பதில் தலையிடாதீர்கள். அங்கே உங்கள் விதி நிற்பது கஷ்டம். விதிகளின் நகலை லீஸோடு இணைத்தே கொடுக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு வாயால் சொல்லும் விதிக்கு மதிப்பில்லை.

ஆளைப் பற்றி நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மூன்று மாத பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், முந்தைய வீட்டுக்காரர் ஒருவரின் போன் எண், அவர் சம்மதத்தோடு கிரெடிட் சோதனை. வருகிற எல்லாரிடமும் அதே நான்கையும் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு, யார் வந்தார், எந்தக் காகிதம் தந்தார், அவருக்கு ஏன் வீடு தரவில்லை என்று எழுதுங்கள். ‘வாடகை மாதம் 4,500 ரேண்ட், அவர் சம்பளம் 6,000’ என்று அதில் இருந்தால் நாளைக்கு யார் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்கும். ‘சரியாகப் படவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் உங்கள் வக்கீலுக்கே வேலை கடினமாகும்.

கட்டும் முன் மாநகராட்சியில் பிளான் பாஸ் செய்தாயிற்றா? பாஸ் ஆகாத கட்டடத்தில் குடியிருப்பவருக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மாநகராட்சியின் நோட்டீஸ் வருவதோ உங்கள் பெயருக்கு.

கேள்வி: வீட்டைக் காலி செய்து ஐந்து வாரம் ஆகிறது. 7,000 ரேண்ட் டெபாசிட்டில் பெயின்ட் செலவு என்று 5,200 பிடித்துவிட்டார். வீட்டுக்காரர் சாவி வாங்கும்போது வந்து பார்க்கவே இல்லை.
– வாசகர், டோங்காட்

பதில்: அவர் வந்து பார்க்காததுதான் உங்களுக்கு நல்லது. லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் அதைச் செய்யாவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சேதத்துக்கென்று அவர் எதையும் பிடிக்க முடியாது. பாக்கி ஏதும் இல்லையென்றால் ஏழு நாளில் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். உண்மையான சேதத்துக்குக் கழித்தால் மீதியைப் பதினான்கு நாளில் ரசீதுகளோடு தர வேண்டும். வீட்டுக்காரர் கூப்பிட்டும் குடியிருந்தவர் வீட்டைப் பார்க்க வராத வழக்கில் மட்டும் இருபத்தொரு நாள். நாளடைவில் மங்கிய பெயின்ட் சேதம் அல்ல.

முதலில் ஈமெயிலில் ஏழு நாள் கெடு கொடுத்து முழுத் தொகையையும் வட்டியையும் கேளுங்கள். பிறகு டிரைபியூனல். லீஸ், அடையாள அட்டை நகல், டெபாசிட் கட்டிய பேங்க் சான்று, அந்த ஈமெயில், வீட்டுக்காரரின் சரியான முகவரி இவை போதும். முகவரி தப்பாக இருந்தால் சம்மன் திரும்பி வரும், மாதக்கணக்கில் இழுக்கும். டிரைபியூனலின் தீர்ப்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதை மீறுவது குற்றம்.

லீஸ் எழுத்தில் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: வாய்ப்பேச்சு லீஸும் லீஸ்தான். நீங்கள் கேட்டால் எழுதித் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. வாடகைக்கு ஒவ்வொரு மாதமும் ரசீதும் கேட்டு வாங்குங்கள்; ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வருகிறவர்களுக்கு எங்களால் அதிகம் உதவ முடிவதில்லை.

கேள்வி: கூரை ஒழுகுகிறது என்று டிரைபியூனலில் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் வீட்டுக்காரர் கரன்டை நிறுத்திவிட்டார். ‘மாதக் கடைசிக்குள் போ, இல்லாவிட்டால் பூட்டை மாற்றுவேன்’ என்கிறார். நானும் வாடகையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, வெருலம்

பதில்: வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அம்மா. இதில் தோற்றவர்களில் நிறையப் பேர் அங்கேதான் தோற்றார்கள். புகார் கொடுத்த நாளிலிருந்து டிரைபியூனல் முடிவு சொல்லும் வரை, அல்லது மூன்று மாதம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றக் கூடாது. அவசியமான பராமரிப்பைச் செய்தாக வேண்டும். அதே காலத்தில் நீங்கள் வாடகையைக் கட்டிக்கொண்டே வர வேண்டும். உங்கள் பக்கம் ஒரு மாதம் தவறினால் முழுப் பேச்சும் ‘பாக்கி’ என்று திரும்பிவிடும். கூரைக்காக வாடகையில் கழிக்க வேண்டுமென்றால் அதை டிரைபியூனலிடமே கேட்டு உத்தரவாக வாங்குங்கள்.

கரன்டை நிறுத்தியதற்குக் காத்திருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவசர மனு போட்டு, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் உத்தரவு கேட்கலாம். வாடகை யார் பக்கம் பாக்கி என்பதை அந்த மனுவில் ஆராய மாட்டார்கள். நேற்று வரை உங்களிடம் இருந்தது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பறிக்கப்பட்டது என்பது போதும். தாமதம்தான் பகை. வாரக்கணக்கில் மெழுகுவத்தியில் இருந்துவிட்டு ‘அவசரம்’ என்றால் மாஜிஸ்திரேட் நம்புவது கடினம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடும் பே ஸ்லிப்போடும் போங்கள். பிரேக்கர் பெட்டியின் படம், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும் படம், வீட்டுக்காரர் அனுப்பிய செய்தி மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

பூட்டை மாற்றினால் போலீஸுக்குப் போங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை வீட்டை விட்டு வெளியேற்றுவது 1998-ஆம் ஆண்டின் வெளியேற்றத் தடைச் சட்டப்படி குற்றம். அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. ‘இது சிவில் விஷயம்’ என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், கேஸ் நம்பர் வாங்காமல் திரும்பாதீர்கள்.

முறையாக வழக்குப் போட்டாலும், விசாரணைக்குக் குறைந்தது பதினான்கு நாள் முன்பு உங்களுக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் அறிவிப்பு வர வேண்டும். மாநகராட்சிக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தனியார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தெருவில் நிற்கப் போகிறவர்களுக்கும் தற்காலிக இடம் தருவதில் மாநகராட்சிக்குப் பொறுப்பு உண்டு என்று 2011-இல் புளூ மூன்லைட் வழக்கில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. வீட்டில் வயதானவர், குழந்தை, ஊனமுற்றவர் இருந்தால் அதையும், வீட்டை நடத்துவது பெண் என்றால் அதையும் நீதிபதியிடம் முதல் தேதியிலேயே எழுத்தில் கொடுங்கள். அதைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வீட்டுக்காரர் பில் கட்டாததால் மாநகராட்சியே வந்து கரன்டைத் துண்டித்தாலும், குடியிருப்பவருக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். 2009-இல் ஜொஹானஸ்பர்க் வழக்கு ஒன்றில் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது இது.

கேள்வி: அப்பா வாங்கிய ஃபிளாட்டின் டைட்டில் டீட் அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா அப்பா கல்யாணம் கோயிலில் ஐயர் வைத்துத் தாலி கட்டியது, பதிவு செய்யவில்லை. ‘அம்மா சட்டப்படி மனைவியே இல்லை, ஃபிளாட் பிள்ளைகளுக்குத்தான்’ என்கிறார் அண்ணன். பிள்ளைகள் மூன்று பேர்.
– வாசகி, பேவியூ

பதில்: அண்ணன் சொல்வது தப்பு. இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவியும் உயில் இல்லாத வாரிசுரிமைச் சட்டத்தில் ‘வாழ்க்கைத் துணை’தான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் கோவெண்டர் எதிர் ராகவையா வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது வந்திருக்கிறது. இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் யாராவது மறுத்தால் அந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள்.

பங்கு எப்படி வரும்? மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 250,000 ரேண்ட், இரண்டில் எது அதிகமோ அது. சொத்து மொத்தம் 400,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 100,000. 250,000 அதைவிட அதிகம்; ஆகவே அம்மாவுக்கு 250,000, மீதி 150,000-இல் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50,000. சொத்து 250,000-க்குள் என்றால் முழுதும் அம்மாவுக்கே. மகன், மகள் வித்தியாசம் எங்கேயும் கிடையாது. ‘கொள்ளி வைத்தவனுக்கு வீடு’ என்பது குடும்ப வழக்கமாக இருக்கலாம், மாஸ்டர் அலுவலகத்தில் எடுபடாது.

இறப்பை இறந்த நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் மாஸ்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாண்டிவிட்டாலும் போங்கள். சொத்து 250,000 ரேண்டுக்குள் என்றால் பெரிய நடைமுறை வேண்டாம். ஒரு அதிகாரக் கடிதம் மட்டும் தருவார்கள், அதை வைத்தே டைட்டிலை மாற்றலாம். அதற்கு மேல் என்றால், சொத்தை நிர்வகித்துப் பிரித்துக் கொடுக்கும் எக்ஸிகியூட்டர் நியமனம் வேண்டும். கல்யாணத்துக்கு ஆதாரம்தான் உங்கள் முக்கிய வேலை. மணமேடைப் படம், பத்திரிகை, கோயில் ரசீது, மந்திரம் சொன்ன ஐயர் உயிரோடு இருந்தால் அவரிடமிருந்து சத்தியப் பிரமாணம், இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வந்த இரண்டு மூத்தவர்களிடமிருந்து. அவர்களில் ஒருவராவது அப்பாவின் பக்கத்து உறவாக இருந்தால் நல்லது. அத்தையின் கையெழுத்தை அண்ணனால் எளிதில் தள்ள முடியாது.

இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃபிலும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அப்பா ஃபிளாட்டை வாங்காமல் மாநகராட்சிக்கு வாடகை கட்டி வந்தவராக இருந்தால், அது வாரிசுச் சொத்தே ஆகாது. மாஸ்டரிடம் போய்ப் பயனில்லை. மாநகராட்சியின் ஹவுசிங் அலுவலகத்தில் வாடகைப் பெயரை அம்மாவுக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும்: இறப்புச் சான்றிதழ், கடைசி வாடகை ரசீதுகள், அம்மா பெயருக்கு அந்த முகவரியில் வந்த கிளினிக் அட்டை அல்லது பென்ஷன் கடிதம். அதன் பிறகுதான், 1994-க்கு முந்தைய அரசு வீடுகளைக் குடியிருப்பவருக்கே மாற்றிக் கொடுக்கும் தள்ளுபடித் திட்டத்தில் உரிமை கேட்க முடியும்.

அந்தத் திட்டத்தில் ஃபிளாட்டை எடுத்துக்கொள்ளும் முன் ஒரு கேள்வியை மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள்: கூரை, படிக்கட்டு, வெளிக்குழாய் இவற்றை எந்த நிலையில் ஒப்படைக்கிறீர்கள்? உரிமை மாறியதும் அந்தப் பிளாக்கில் உள்ள எல்லாரும் சேர்ந்து ஒரு பாடி கார்ப்பரேட், அதாவது உரிமையாளர் சங்கம், ஆவார்கள். கூரை ஒழுகினால் செலவு அவர்கள் தலையில், தரைப்பரப்பு விகிதப்படி. இருபது வீட்டில் எட்டுப் பேர் லெவி என்னும் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் மீதிப் பன்னிரண்டு பேர் சுமக்க வேண்டும். ஒழுகும் கூரையோடு சொத்தை வாங்கிக்கொண்டு பிறகு தவிப்பதைவிட, பழுது பார்த்துக் கொடுத்தபின் மாற்று என்று எல்லாக் குடும்பமும் சேர்ந்து கேட்பது மேல்.

கேள்வி: பாட்டி சக்கர நாற்காலியில். எங்கள் காம்பிளெக்ஸ் வாசலில் மூன்று படி. சாய்தளம் கட்ட இடமில்லை என்கிறார்கள் காம்பிளெக்ஸை நிர்வகிக்கும் டிரஸ்டிகள்.
– வாசகர், ஷால்கிராஸ்

பதில்: அளந்து பாருங்கள். கட்டட விதிப்படி சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. படி ஒன்று 170 மில்லிமீட்டர் என்றால் மூன்றுக்கு 510. பன்னிரண்டால் பெருக்கினால் 6,120 மில்லிமீட்டர், அதாவது ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அகலம் குறைந்தது 1,100 மில்லிமீட்டர். நேராக ஆறு மீட்டர் இல்லையென்றால் நடுவில் ஒரு சமதளம் வைத்து எல் வடிவில் திருப்பலாம். பலகையைப் போட்டு இரண்டு மீட்டரில் முடிக்கிற யோசனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலி பின்னால் உருண்டுவிடும், தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

டிரஸ்டிகளுக்கு வெறும் கோரிக்கை அனுப்பாமல், அளவோடு ஒரு படம், இரண்டு கொட்டேஷன், டாக்டர் கடிதம் மூன்றையும் சேர்த்து அனுப்பி, பதிலை எழுத்தில் கேளுங்கள். ஊனமுற்றவரின் தேவைக்கு நியாயமான ஏற்பாடு செய்ய மறுப்பதையும் சமத்துவச் சட்டம் பாகுபாடு என்றே சொல்கிறது. பதில் வராவிட்டால், காம்பிளெக்ஸ் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஆம்புட் சர்வீஸ், அல்லது ஈக்வாலிட்டி கோர்ட்.

கேள்வி: அரசு இலவசமாகத் தரும் ஆர்டிபி வீட்டு லிஸ்டில் பெயரை மேலே ஏற்ற ஒருவர் 5,000 ரேண்ட் கேட்கிறார். இந்தியர்களுக்கு அந்த வீடு கிடைக்காது, அதனால்தான் பணம் என்கிறார்.
– வாசகி, லெனேசியா

பதில்: ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். பதிவு இலவசம். தகுதியில் இனம் கிடையாது: குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை, 18 வயது, துணையோ உங்களை நம்பியிருப்பவரோ இருப்பது, குடும்ப வருமானம் மாதம் 3,500 ரேண்டுக்குள், முன்பு மானியம் வாங்காதது, சொந்த வீடு இல்லாதது. முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் முன்னுரிமை. பதிவில் போன் எண்ணும் முகவரியும் பழசாக இருந்தால் முறை வந்தும் கூப்பிட முடியாமல் போகும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். வருமானம் 3,501 முதல் 22,000 வரை என்றால் முதல் வீடு வாங்க ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் உதவித்தொகை கேட்கலாம். வாடகையே போதும் என்றால் 1,850 முதல் 22,000 வரை வருமானமுள்ளவர்களுக்கு அரசு மானியத்தில் கட்டி வாடகைக்கு விடும் சோஷியல் ஹவுசிங். ஆர்டிபி வீட்டை விற்கிறேன் என்று வருகிறவரிடமும் ஜாக்கிரதை. எட்டு ஆண்டுக்குள் விற்க வேண்டுமென்றால் அதை முதலில் மாகாண ஹவுசிங் துறைக்குத்தான் கொடுக்க முன்வர வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் சோஷியல் ஹவுசிங் ஃபிளாட் வரப் போகிறதாம். யார் யாரோ வருவார்கள், வீட்டு விலை விழும். எதிர்ப்பு மனு எப்படி எழுதுவது?
– வாசகர், டர்பன்

பதில்: ‘யார் யாரோ’ என்று எழுதாதீர்கள். யார் வரப் போகிறார் என்பது திட்ட அனுமதியில் ஆட்சேபமே ஆகாது. அதை எழுதினால் உங்கள் மற்ற நியாயமான ஆட்சேபங்களும் அதனோடு தள்ளப்படும். சாக்கடைக் குழாயின் கொள்ளளவு, வெள்ளக் கோடு, பள்ளிக்கூட நேரத்துப் போக்குவரத்து, பார்க்கிங் இவற்றில் குறை இருந்தால் அறிவிப்புப் பலகையில் போட்ட கடைசித் தேதிக்குள், அந்த விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். திருத்தம் கேளுங்கள்.

ஏன் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால், சோஷியல் ஹவுசிங் மானியமே வேலைக்கும் பேருந்துக்கும் பக்கத்தில் உள்ள, இதற்கென்று குறிக்கப்பட்ட பகுதிகளுக்குத்தான். குரூப் ஏரியாஸ் காலத்தில் ஏழைகளை ஊருக்கு வெளியே தள்ளியதைத் திருப்பும் முயற்சி அது. 2013-ஆம் ஆண்டின் நிலத் திட்டச் சட்டத்தில் இது முதல் கொள்கை. ஜொஹானஸ்பர்க் மாநகராட்சி 2019-இல் இன்னும் ஒரு படி போய், இருபது வீடும் அதற்கு மேலும் கட்டும் தனியார் திட்டங்களில் 30 சதவீதம் குறைந்த வருமானக்காரர்களுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. அங்கே வருகிறவர்களில் உங்கள் மகளும் மருமகனும் இருக்கலாம். 15,000 ரேண்ட் சம்பளத்தில் டர்பனில் வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

கேள்வி: கேட்டோ மேனரில் தாத்தா வீட்டைப் பிடுங்கினார்கள். இப்போது நிலக் கோரிக்கை போடலாமா?
– வாசகி, மெரேபேங்க்

பதில்: புதிதாகப் போட முடியாது. கடைசித் தேதி 1998 டிசம்பர் 31. 2014-இல் மறுபடி திறந்ததை 2016-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது. இடையில் போட்டவை, பழையவை முடியும் வரை காத்திருக்கின்றன. ஆனால் 1998-க்கு முன் பெரியப்பாவோ அத்தையோ போட்டிருக்கலாம். தாத்தாவின் முழுப் பெயர், பழைய தெருப் பெயர், இடத்து எண்ணோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நிலக் கோரிக்கை ஆணைய அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள். பெயரை அந்தக் காலத்து கிளார்க் எப்படி எல்லாம் எழுதியிருக்கக்கூடுமோ அத்தனை விதத்திலும் தேட வேண்டும்: முனுசாமி, மூன்சாமி, முனியசாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கும்.

கேள்வி: வாசலில் கோலம் போடக் கூடாது, விளக்கு வைக்கக் கூடாது என்று காம்பிளெக்ஸில் நோட்டீஸ். பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் மாலை தொங்குகிறது.
– வாசகி, அம்ஷ்லாங்கா

பதில்: பாடி கார்ப்பரேட்டின் விதி நியாயமாகவும் எல்லா உரிமையாளருக்கும் சமமாகவும் இருக்க வேண்டும் என்று ஃபிளாட், காம்பிளெக்ஸ் வீடுகளுக்கான செக்ஷனல் டைட்டில் நிர்வாகச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நோட்டீஸ் பதிவான விதியா, டிரஸ்டி ஒருவர் தானாக ஒட்டியதா என்று முதலில் கேளுங்கள். ஆம்புட் சர்வீஸின் ஒப்புதல் பெறாத விதி உங்களைக் கட்டாது. 2007-இல் டர்பன் பள்ளி மாணவி ஒருவரின் மூக்குத்தி வழக்கில், மதம் கட்டாயப்படுத்தாத பழக்கமானாலும் பண்பாட்டின் பகுதி என்றால் இடம் கொடுக்க வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

விளக்கு விஷயத்தில் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: மூடிய நடைவழியில் திறந்த தீ. எண்ணெய் விளக்கைக் கதவுக்கு உள்ளே வைத்துக்கொள்கிறேன், கோலம் ஒரு அடிக்குள், தண்ணீரில் போகிற மாவில் போட்டு மாலைக்குள் துடைத்துவிடுகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். மாலை தொங்குவதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லாமல், ‘இதற்கு அனுமதி உண்டு’ என்று காட்ட மட்டும்.